சிலிக்காரன் ஆன மீன்

நட்சத்திர ஓட்டல்களின் உணவுப் பட்டியலில் 'சிலியன் சீ பாஸ்' என்று ஒரு மீன் இருக்கும். பக்கத்து வரிகளில் உள்ள மீன்களைவிட விலை தூக்கலாக இருக்கும். சீ பாஸ் என்றதும் நம்மூர்க்காரர்களுக்குக் கொடுவாதான் நினைவுக்கு வரும். கொடுவாவை ஆங்கிலத்தில் ஏசியன் சீ பாஸ் என்றுதானே சொல்கிறார்கள். ஆசியாவுக்கு ஒரு கொடுவா இருந்தால் சிலிக்கு ஒரு கொடுவா இருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் தட்டில் வரும் அந்த வெள்ளைத் துண்டுக்கும் கொடுவாவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது சிலியிலிருந்து வந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரிட்டன் நிர்வகிக்கும் தெற்கு ஜார்ஜியாவில் பிடித்ததாக இருக்கலாம். பிரான்சுக்குச் சொந்தமான கெர்கெலன் தீவுகளில் பிடித்ததாக இருக்கலாம். அண்டார்டிகாவை ஒட்டிய ராஸ் கடலில் மிதக்கும் பனிப்பாளங்களுக்கு நடுவே பிடித்ததாகக்கூட இருக்கலாம்.

அறிவியல் இதற்கு வைத்த பெயர் டிசோஸ்டிகஸ் எலெகினாய்டிஸ். ஆங்கிலத்தில் படகோனியன் டூத்ஃபிஷ். தமிழில் வழக்குப் பெயர் இல்லாததால் இங்கே பல்மீன் என்று எழுதுகிறேன். பெரிய தலை, அகன்ற வாய், கூரான பற்கள், கரும்பழுப்பு உடம்பு. 2 மீட்டருக்கு மேல் வளரும், 100 கிலோ வரை கனக்கும், 50 வயதுவரை உயிரோடிருக்கும். பார்ப்பதற்கு லட்சணம் போதாது. லட்சணம் போதாததுதான் பெயர் மாற்றத்துக்கு ஒரு காரணம். பற்களைப் பெயரிலேயே வைத்திருக்கும் மீனை எந்தச் சமையல்காரர் பெருமையாகப் பட்டியலில் எழுதுவார்?

பெயரை மாற்றியவர் லீ லான்ட்ஸ் என்ற அமெரிக்க மீன் இறக்குமதியாளர். ஜி. புரூஸ் நெக்ட் 2006இல் வெளியிட்ட 'ஹுக்ட்' என்ற நூல் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. 1977இல் சிலியின் வால்பராய்சோ துறைமுகத்துக்குப் போன லான்ட்ஸ், தான் அதுவரை பார்த்திராத பெரிய மீன் ஒன்றைக் கண்டார். கேட்டபோது உள்ளூர்க்காரர்கள் 'பக்கலாவோ தெ புரொஃபுந்திதாத்' என்றார்கள். ஆழத்துப் பக்கலாவோ, அதாவது ஆழ்கடல் காட் மீன். அவர்களுக்கு அதன்மேல் பெரிய பிரியம் இல்லை. கொழுப்பு மிகுந்த மீன் என்று ஒதுக்கினார்கள். லான்ட்ஸ் ஒரு துண்டை வாங்கிப் பொரித்துப் பார்த்தார். வாயில் வைத்தால் கரைகிற பதம். தனக்கென்று அழுத்தமான ருசி ஏதும் இல்லை. மீன் வாடையை விரும்பாத அமெரிக்க வாடிக்கையாளருக்கு இதைவிடப் பொருத்தமான மீன் இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

பெயர்தான் பிரச்சினை. முதலில் பசிபிக் சீ பாஸ் என்று யோசித்தார், பிறகு தென்னமெரிக்கன் சீ பாஸ். இரண்டும் பொதுப்படையாகப் பட்டன. கடைசியில் சிலியன் சீ பாஸ் என்று முடிவு செய்தார். வியாபாரப் புத்தி என்ற அளவில் இது அசாத்தியமான தேர்வு. 'சீ பாஸ்' என்ற சொல் ஆங்கிலத்தில் ஒரு சத்திரம் மாதிரி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எத்தனையோ மீன்கள் அதில் ஏற்கெனவே தங்கியிருந்தன, இன்னொன்று வந்து சேர்ந்ததை யாரும் கேட்கவில்லை. 'சிலியன்' என்ற அடைமொழி தூர தேசத்துக் கவர்ச்சியைச் சேர்த்தது.

பெயர் பிடித்துக்கொண்டாலும் மீன் உடனே ஏறிவிடவில்லை. 1980 வாக்கில் முதல் பெரிய வாய்ப்பாக வந்தது, ஹாலிபட்டுக்கு மலிவான மாற்றாக மீன் குச்சி வறுவலில் சேரும் வேலை. பிறகு அமெரிக்காவின் சீன உணவகங்கள், தங்களுக்குப் பழக்கமான கறுப்பு காட் தட்டுப்பாடானபோது இதை எடுத்துக்கொண்டன. அங்கிருந்து 1990களில் நியூயார்க்கின் உயர்தர மேசைகளுக்குப் போனது. 1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் பூங்கா முதலாளி விருந்தாளிகளுக்குப் பரிமாறும் மதிய உணவு சிலியன் சீ பாஸ்தான். பணக்காரத்தனத்தைக் காட்டச் சொல்லும் பெயராக அதற்குள் அது மாறிவிட்டிருந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தப் பெயரைச் சந்தைப் பெயராக ஏற்றது 1994இல். திரைப்படம் ஒரு வருடம் முந்திக்கொண்டது. 2001இல் 'போன் அப்பெத்தீ' சமையல் இதழ் அதை ஆண்டின் சிறந்த உணவாக அறிவித்தது. ஸ்லைம்ஹெட், அதாவது சளித்தலை, என்று அழைக்கப்பட்ட இன்னொரு ஆழ்கடல் மீன் ஆரஞ்சு ரஃபி என்ற பெயரில் விற்பனைக்கு வந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். ஆழ்கடலிலிருந்து வந்த மீன்களுக்கெல்லாம் பெயர் சூட்டு விழா நடந்த காலம் அது.

லான்ட்ஸை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. அவர் கேட்டறிந்த பெயரும் இரவல் பெயர்தான். பக்கலாவோ என்பது வட அட்லாண்டிக்கின் காட் மீன். ஸ்பெயின்காரர்களும் போர்த்துகீசியர்களும் உப்பிட்டுக் காயவைத்து, புலால் விலக்கும் நோன்பு நாள்களில் உண்ட மீன். கடல் கடந்து வந்த ஸ்பானிய மொழி, எதிர்ப்பட்ட பெரிய வெள்ளைச் சதை மீனுக்கு ஊரில் தெரிந்த பெயரை வைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாவில் இதே மீன் 'மெர்லூசா நெக்ரா', கறுப்பு ஹேக். ஸ்பானிய வியாபாரிகள் சில இடங்களில் 'மேரோ' என்றார்கள். மேரோ என்றால் நம்மூர்க் களவா. ஆக ஒரே மொழி பேசுகிறவர்களிடமே இது காட், ஹேக், களவா என மூன்றாகிவிட்டது. மூன்றும் வெவ்வேறு குடும்பங்கள். மூன்றிலும் பல்மீனுக்குப் பங்கில்லை.

ஜப்பானில் இன்னும் சுவாரசியம். அங்கே இது 'கின்முட்சு' என்ற பெயரில் விற்றது. முட்சு என்பது ஜப்பானியக் கடலின் ஒரு கொழுப்பு மீன், கின் என்றால் வெள்ளி. வெள்ளி முட்சு என்றதும் கொழுப்பு மீன் விரும்பும் ஜப்பானியர்கள் வாங்கினார்கள். அறிவியலார் வைத்த ஜப்பானியப் பெயர் வேறு: 'மாஜெல்லன் ஐனாமே'. ஐனாமே ஜப்பான் கரையோரத்து மீன் ஒன்று. அதன் தலையில் மாஜெல்லனைக் கட்டினார்கள். 2003இல் பெயர்ச்சீட்டு விதிகள் இறுகின. முட்சு அல்லாத மீனை முட்சு என்று விற்கக் கூடாது என்றார்கள். அன்றிலிருந்து கடைகளில் 'மேரோ' என்று எழுதத் தொடங்கினார்கள். ஒரு தவறான பெயரைத் தடை செய்து, இன்னொரு தவறான பெயரை ஸ்பானிய மொழியிலிருந்து வரவழைத்தார்கள். ஆனால் ஜப்பானிய வாடிக்கையாளருக்கு மேரோ என்றால் எந்த மீனும் நினைவுக்கு வராது. அந்த அளவில் அது நாணயமான பெயர்.

நம் கரையிலும் ஒரே மீனுக்குப் பல பெயர் உண்டு. சென்னையில் வஞ்சிரம், தெற்கே நெய்மீன், இலங்கையில் அறக்குளா. ஆனால் அங்கே கதை வேறு. ஒவ்வொரு கரையாரும் தங்கள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தலைமுறை தலைமுறையாக உண்டு வைத்த பெயர்கள் அவை. பல்மீனின் பெயர்கள் அப்படிப் பிறக்கவில்லை. வளர்ந்த பல்மீன் வாழ்வது ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில். பெயர் வைத்த காலத்தில் அதை அதன் வாழ்விடத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை. கயிற்றின் முனையில் செத்து வந்தபோது பார்த்தார்கள். அதனால் பெயர் வைத்தவர்கள் மீனைப் பார்த்து வைக்கவில்லை, யாருக்கு விற்கப்போகிறோமோ அவர் நாக்கைப் பார்த்து வைத்தார்கள். இந்த மீனின் எந்தச் சந்தைப் பெயரை எடுத்தாலும் அதில் மீனின் ஊர் தெரியாது, வாங்குபவரின் ஊர் தெரியும்.

அறிவியலாவது இந்தக் குழப்பத்துக்கு வெளியே நின்றதா என்று பார்த்தால், அதன் தொடக்கம் இன்னும் வேடிக்கை. 1888இல் அல்பட்ராஸ் என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் சிலிக் கடலில் வலையை ஆழத்துக்கு இறக்கியது. 1,050 பாகம் ஆழத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய 1,900 மீட்டருக்குக் கீழிருந்து, 5 அடி நீள மீன் ஒன்று வந்தது. அவ்வளவு ஆழத்தில் அவ்வளவு பெரிய மீன் இருக்கும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. புகைப்படம் எடுத்தார்கள். பிறகு மீன் தொலைந்துபோனது. பல வருடம் கழித்து, 1901இல், தியோடர் கில், சார்லஸ் டவுன்செண்ட் என்ற இருவர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு 'சயின்ஸ்' இதழில் அதற்குப் பெயர் சூட்டினார்கள்: மேக்ரியாஸ் அமிஸஸ். மேக்ரியாஸ் என்பது நீளத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து. அமிஸஸ் என்றால் லத்தீனில் தொலைந்தது. பெரியது, தொலைந்தது. கையில் இல்லாத மீனுக்கு இதைவிட நேர்மையான பெயர் வைக்க முடியாது. எனக்கு இந்த மீனின் பெயர்களிலேயே மிகப் பிடித்தது இதுதான். பிடித்து என்ன பயன், அது செல்லாத பெயர்.

செல்லாமல் போனதற்குக் காரணம் மூன்று வருட வித்தியாசம். ஆட்டோ நார்டன்ஷெல்ட் தலைமையில் 1895 முதல் 1897 வரை ஸ்வீடன் ஆய்வுக்குழு ஒன்று தென்னமெரிக்காவின் கடைக்கோடியான தியரா தெல் ஃபுவேகோவுக்குப் போய்வந்தது. அது கொண்டுவந்த மீன்களை ஆராய்ந்த ஃப்ரெட்ரிக் ஸ்மிட், 1898இல் அவற்றுள் ஒன்றுக்கு டிசோஸ்டிகஸ் எலெகினாய்டிஸ் என்று பெயரிட்டிருந்தார். அல்பட்ராஸ் தொலைத்த மீனும் இதுவும் ஒன்றே என்று பின்னால் தெரிந்தது. விலங்கியலில் முந்தி வைத்த பெயர்தான் நிற்கும். அமிஸஸ் பட்டியலின் அடியில் ஒரு ரத்தான பெயராக இருக்கிறது.

ஸ்மிட்டின் பெயரில் இரண்டு பாதி. டிசோஸ் என்றால் இரட்டை, ஸ்டிகோஸ் என்றால் வரிசை. மீன்களின் உடலில் செவுளிலிருந்து வால்வரை ஓடும் உணர்வுக்கோடு ஒன்று உண்டு. தண்ணீரின் அசைவை அதன்வழி அறிகின்றன. பல்மீனுக்கு அந்தக் கோடு பக்கத்துக்கு இரண்டு. இத்தனை பெயர்களுக்கிடையே மீனின் உடம்பைப் பார்த்து வைத்த சிலவற்றுள் இந்தச் சொல்லும் ஒன்று. பின்பாதி எலெகினாய்டிஸ், 'எலெகினஸ் போன்றது'. எலெகினஸ் பழைய கிரேக்க மீன் பெயர். ஸ்மிட்டுக்கும் கடைசியில் 'இன்ன மீனைப் போல' என்ற ஊன்றுகோல் தேவைப்பட்டது.

ஆங்கிலப் பெயரில் உள்ள படகோனியாவையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். 1520இல் மாஜெல்லன் அந்தக் கரையில் குளிர்காலத்தைக் கழித்தபோது, அங்கிருந்த உயரமான மனிதர்களைப் பார்த்து 'படகோன்கள்' என்று பெயரிட்டதாகக் கூடச் சென்ற பிகஃபெத்தா எழுதிவைத்தார். பெரிய பாதக்காரர்கள் என்று அதற்கு வெகுகாலம் பொருள் சொன்னார்கள். ஸ்பானியத்தில் பாதத்தைக் குறிக்கும் சொல்லோடு அது சரியாக ஒட்டவில்லை. இன்று பலரும் ஏற்கும் விளக்கம் வேறு: 1512இல் ஸ்பெயினில் அச்சான 'ப்ரிமலேயோன்' என்ற வீரக்கதையில் படகோன் என்றொரு காட்டு அரக்கன் வருகிறான், மாலுமிகள் அவனை நினைத்துக்கொண்டார்கள். கதைப்புத்தகத்து அரக்கனின் பெயர் மனிதர்களுக்கு வந்து, மனிதர்களிடமிருந்து நிலத்துக்குப் போய், நிலத்திலிருந்து மீனுக்கு இறங்கியிருக்கிறது. சிலியைவிடப் படகோனியா சரியான முகவரி என்று வாதாடும் இயற்கை ஆர்வலர்கள் இந்த வம்சாவளியைக் கவனிப்பதில்லை.

சரி, மீன் உண்மையில் எங்கே இருக்கிறது? உலக உருண்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் விளங்கும். அண்டார்டிகாவைச் சுற்றி ஒரு பெருங்கடல் வளையம். அதில் ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தள்ளிச் சில தீவுக்கூட்டங்கள்: ஃபாக்லாந்து, தெற்கு ஜார்ஜியா, பிரின்ஸ் எட்வர்ட், க்ரோசே, கெர்கெலன், ஹேர்ட், மக்குவாரி. ஒவ்வொரு தீவைச் சுற்றியும் கடலடி மேடு. மேட்டின் சரிவில் பல்மீன். இவற்றோடு படகோனியக் கரைத்திட்டின் விளிம்பும், சிலியின் நீண்ட கரையும். குஞ்சுகள் மேட்டின் மேல், சில நூறு மீட்டருக்குள் வளர்கின்றன. வயதாக வயதாகச் சரிவில் இறங்குகின்றன. சிலிக் கரையில் இந்த மீன் வெப்ப நாடுகளை நோக்கி வெகுதூரம் வடக்கே ஏறிவருவதற்கும் அந்த ஆழமே காரணம். மேலே வெயில் எப்படிக் காய்ந்தாலும் ஆயிரம் மீட்டருக்குக் கீழே தண்ணீர் குளிர்ந்தே கிடக்கிறது. சுமார் 2 டிகிரிக்கும் 11 டிகிரிக்கும் இடையே எங்கே தண்ணீர் இருக்கிறதோ அதுவே இந்த மீனின் நாடு.

இதன் உடம்பும் அந்த ஆழத்துக்கேற்ப அமைந்தது. காற்றுப்பை கிடையாது, அதற்குப் பதிலாகச் சதையில் ஏறிய கொழுப்பு மிதக்க உதவுகிறது. சிலிக்காரர்கள் ஒதுக்கிய அதே கொழுப்பு, சமையல்காரர் அடுப்பைக் கவனிக்காமல் விட்டாலும் துண்டை வறண்டுபோகாமல் காப்பாற்றுகிறது. உணவகங்கள் காதலித்தது இதைத்தான்.

தெற்கே ஒரு எல்லை உண்டு. அண்டார்டிகாவை நெருங்க நெருங்க, கடல்நீர் உறைநிலையை ஒட்டி, சுழியத்துக்கும் கீழே இறங்குகிறது. அங்கே இருப்பது அண்ணன் தம்பி உறவுள்ள இன்னொரு இனம், அண்டார்டிக் பல்மீன். 1937இல் ஜே. ஆர். நார்மன், ஆய்வுப் பயணத் தலைவர் டக்ளஸ் மாசனின் பெயரில் இதற்கு டிசோஸ்டிகஸ் மாசனி என்று பெயரிட்டார். 1960களில் மெக்மர்டோ வளைகுடாவில் பனியில் துளையிட்டுத் தூண்டில் போட்ட ஆர்தர் டி வ்ரீஸ், அந்தக் கடல் மீன்களின் ரத்தத்தில் உறைதலைத் தடுக்கும் புரதம் இருப்பதைக் கண்டுபிடித்தார். மாசனியிடம் அந்தப் புரதம் உண்டு. படகோனியப் பல்மீனிடம் இல்லை. இரண்டு இனங்களுக்கும் நடுவே கடலில் வேலி போட்டது இதுதான்.

இரண்டும் சேர்ந்த குடும்பத்தின் பெயர் நோடோதீனிடே. 'தெற்கிலிருந்து' என்பதைச் சொல்லும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஊர்ப்பெயர்களெல்லாம் பொய்த்த பிறகு, திசையாவது மிஞ்சியதே என்று இருக்கலாம். 2003இல் அதற்கும் சோதனை வந்தது. கோபன்ஹேகன் விலங்கியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மோலரும் நீல்சனும், ஃபோசென் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். கிரீன்லாந்துக்கு மேற்கே டேவிஸ் நீரிணையில், வேறு மீனுக்காகப் போன ஒருவரிடம் 1.8 மீட்டர் நீளமும் 70 கிலோ எடையும் உள்ள படகோனியப் பல்மீன் சிக்கியிருந்தது. தன் இனத்தின் அறியப்பட்ட எல்லையிலிருந்து 10,000 கிலோமீட்டருக்கு வடக்கே, நிலநடுக்கோட்டைத் தாண்டி.

வெப்பமண்டலத்தைக் குளிர்நீர் மீன் எப்படிக் கடந்தது? வரைபடத்தில் பார்த்தால் நடக்காத காரியம். ஆழத்தில் பார்த்தால் வழி திறந்திருக்கிறது. தெற்கில் குளிர்ந்து அமிழும் நீர், அட்லாண்டிக்கின் நடு ஆழத்தில் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. பிரேசிலுக்கு நேரே கடற்பரப்பு 27 டிகிரியாகக் கொதித்தாலும் ஆயிரம் மீட்டருக்குக் கீழே 4, 5 டிகிரிதான். அந்தக் குளிர்ப் பாதையிலேயே கீழாக நீந்தி வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விளக்கம். இதை வைத்து பல்மீன்கள் கூட்டமாக ஊர் மாறுகின்றன என்று சொல்லிவிட முடியாது. குறியிட்டு விட்ட மீன்களில் மிகப் பெரும்பாலானவை விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பப் பிடிபட்டிருக்கின்றன. ஹேர்ட் தீவில் விட்டவற்றுள் சில, 1,800 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி க்ரோசேயில் அகப்பட்டதே பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. கிரீன்லாந்து மீன் தனி மீன். ஆனால் 'தெற்கிலிருந்து' என்ற குடும்பப் பெயருக்கு, புறப்பட்ட இடத்தை மட்டும் சொல்லும் பெயர் என்று அது புதுப் பொருள் கொடுத்துவிட்டது.

இத்தனை தீவுகளில் சிதறிக் கிடக்கும் மீனுக்கு ஒரே நாட்டின் பெயரை ஒட்டியதால் வந்த விளைவு சிரிக்கக்கூடியதாக மட்டும் இல்லை. 1990களில் தேவை ஏறியபோது, ஒரே கயிற்றில் ஆயிரக்கணக்கான முட்களைக் கட்டி இறக்கும் நெடுந்தூண்டில் கப்பல்கள் தென்கடலெங்கும் மொய்த்தன. உரிமம் இல்லாத கப்பல்கள் பிடித்ததை மொரிஷியஸின் போர்ட் லூயி போன்ற துறைமுகங்களில் இறக்கின. இரைக்காகப் பாய்ந்து முள்ளில் மாட்டிய அல்பட்ராஸ் பறவைகள் ஆயிரக்கணக்கில் மூழ்கிச் செத்தன. 2002இல் அமெரிக்கச் சூழலியல் அமைப்புகளும் சமையல் கலைஞர்களும் இந்த மீனைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தபோது, அவர்கள் கண்டனம் முழுவதும் சிலியின் பெயரைத் தாங்கியே போனது. கொள்ளை நடந்ததோ பெரும்பாலும் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், சிலிக்கும் அதற்கும் பாதி உலகம் தூரம்.

2003 ஆகஸ்டில் ஹேர்ட் தீவருகே கண்ணில் பட்ட வியார்சா என்ற உருகுவே கொடிக் கப்பலை ஆஸ்திரேலிய ரோந்துக் கப்பல் 21 நாள், 7,000 கிலோமீட்டருக்கு மேல், பனிப்பாறைகளுக்கிடையே துரத்திப் பிடித்தது. வழக்கில் மாலுமிகள் விடுதலையானார்கள். 2014 டிசம்பரில் தண்டர் என்ற கப்பலை சீ ஷெப்பர்ட் அமைப்பின் கப்பல்கள் பின்தொடர்ந்தன. 110 நாள் கழித்து, 2015 ஏப்ரலில், சாவோ தோமே அருகே அது மூழ்கியது. துரத்தியவர்களே அதன் மாலுமிகளைக் காப்பாற்றினார்கள். அந்தத் தண்டருக்கு முன்பு இருந்த பெயர்களில் சில: ரூபின், டைஃபூன், கூக்கோ, வூஹான். மீனுக்குப் பெயர் மாறுவது போதாதென்று பிடிக்கும் கப்பலுக்கும் துறைமுகத்துக்கு ஒரு பெயர். இதே கூட்டத்தைச் சேர்ந்த குன்லுன் என்ற கப்பல் 2015இல் தாய்லாந்தின் புக்கெட்டில் 182 டன் பல்மீனை இறக்கியது; கணக்கில் எழுதியது களவா என்று. களவாடியதைக் களவா என்று எழுதும் பொருத்தம் தாய்லாந்துச் சுங்க அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்காது. ஸ்பானியத்தில் மேரோ என்றும், ஜப்பானில் மேரோ என்றும் வழங்கும் மீனைக் களவா என்று எழுதியது முழுப் பொய் என்று வாதாட, மீன் வியாபாரிகளுக்குக் கொஞ்சம் கூச்சம் வந்திருக்க வேண்டும்.

பெயர்களை நம்ப முடியாது என்று கடைசியில் அரசுகளே முடிவுக்கு வந்தன. 1980இல் கான்பெராவில் கையெழுத்தாகி 1982இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, அண்டார்டிகக் கடல் உயிர்வளங்களைக் காக்கும் ஆணையம் ஒன்று ஆஸ்திரேலியாவின் ஹோபர்ட்டில் இயங்குகிறது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. 2000 முதல், ஒவ்வொரு பல்மீன் சரக்கும் எந்தக் கப்பலில், எங்கே பிடிபட்டது என்ற ஆவணத்தோடுதான் துறைமுகம் மாற வேண்டும் என்று ஆணையம் விதித்தது. அந்தப் படிவங்களில் சீ பாஸ் இல்லை, மேரோ இல்லை. மூன்றெழுத்துக் குறியீடுகள்: படகோனிய இனத்துக்கு டி.ஓ.பி., அண்டார்டிக் இனத்துக்கு டி.ஓ.ஏ. பிரெஞ்சுக் கப்பல்கள் கெர்கெலனிலும் க்ரோசேயிலும் பிடித்ததை ரெயூனியன் தீவில் இறக்குகின்றன. தமிழ் வம்சாவளியினர் பல தலைமுறையாக வாழும் தீவு அது. அங்கே இதன் பிரெஞ்சுப் பெயர் 'லெழீன்'. பெரும்பகுதி ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விடுகிறது.

முகவரித் தகராறு அதோடும் தீரவில்லை. 2021இல் தெற்கு ஜார்ஜியாவின் பிடி அளவுக்கு ரஷ்யா ஒப்புதல் தர மறுத்தது. ஆணையத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. அளவு நிர்ணயிக்கப்படாமலே 2022இல் பிரிட்டன் தன் கப்பல்களுக்கு உரிமம் கொடுத்தது. அர்ஜென்டினா அந்தத் தீவே தன்னுடையது என்று எதிர்த்தது. அந்த மீனை உள்ளே விடமாட்டோம் என்றது அமெரிக்கா. ரஷ்யா, பிரிட்டன், அர்ஜென்டினா, அமெரிக்கா என்று நான்கு நாடுகள் மல்லுக்கு நின்ற அந்த மீனின் சந்தைப் பெயரில் இருந்த நாடு சிலி.

ராஸ் கடலில் நியூசிலாந்துக் கப்பல்கள் 1990களின் பின்பாதியிலிருந்து மாசனியைப் பிடிக்கின்றன. சிலிக் கரையின் தண்ணீரில் ஒரு நாளும் நீந்தாத இனம் அது. ரத்தத்தில் உறைதடுப்பானோடு பனிக்கடியில் வாழ்வது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் அதையும் சிலியன் சீ பாஸ் என்று விற்க அனுமதி உண்டு.